கத்தரிப்பூவை உலுக்கும் நீலத் தேனீ

வணக்கம். தேனீ என்றதும் தேனும் அடையும் கூட்டமும்தான் நமக்கு ஞாபகம் வரும். நான் சொல்ல வந்த தேனீ அடை கட்டாது, கூட்டமாக வாழாது, நமக்கு ஒரு சொட்டுத் தேன்கூடத் தராது. நீலப்பட்டைத் தேனீ. கருத்த வயிற்றில் வெளிர்நீலக் கோடுகள், வெயில் பட்டால் மயில்கழுத்து மாதிரி மின்னும். உங்கள் வீட்டுத் துளசிக்கே வந்திருக்கும், ஏதோ வண்டு என்று விட்டிருப்பீர்கள்.

எங்கள் ஆச்சி வீடு மண்சுவர் வீடு. கிழக்குச் சுவரில் பென்சில் நுழைகிற அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள். சுவரை அரிக்கிறது என்று ஆச்சி சாணியும் மண்ணும் குழைத்து அடைப்பாள், நாலு நாளில் பக்கத்திலேயே புதிதாக ஓட்டை விழும். ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒரே கூட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, ஓட்டைக்கு ஒரு தாய். தானே தோண்டி, மகரந்தமும் மதுவும் சேர்த்து வைத்து, முட்டையிட்டு, ஓட்டையின் வாயை மூடிவிட்டுப் போய்விடும். ராணி கிடையாது, வேலைக்காரர்கள் கிடையாது. ஒரு ஓட்டை, ஒரு தாய், அவ்வளவுதான்.

சரி, கத்தரிக்கு வருகிறேன். கத்தரிப்பூ நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு இருக்கிறதே, மகரந்தம் அதற்குள் அடைந்து கிடக்கிறது, நுனியில் சின்னத் துளைதான் வழி. மிளகுப்பொடி டப்பா மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும். பெட்டியில் வளர்க்கிறோமே, அந்தத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. நீலத் தேனீயோ கூம்பைக் கட்டிப்பிடித்து, இறக்கையை விரிக்காமலே பறக்கிற தசையை மட்டும் அதிர விடும், பொடி அதன் நெஞ்சில் வந்து கொட்டும். வானொலிக்கு ஏற்ற தேனீ இது, காதாலேயே கண்டுபிடிக்கலாம்: பறக்கும்போது ஒரு ரீங்காரம், பூவைப் பிடித்ததும் ஸ்ருதி சட்டென்று மேலே ஏறும். ஆஸ்திரேலியாவில் இதன் உறவுத் தேனீ ஒன்று தக்காளிப்பூவைத் தலையாலேயே விநாடிக்கு 350 தடவை முட்டுகிறதாம், படம்பிடித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். இப்படி உலுக்கப்பட்ட பூவில்தான் விதை நிறையப் பிடித்து, காய் நன்றாகத் திரளும்.

ஆண் தேனீக்கு வீடே கிடையாது. பொழுது சாய்ந்ததும் ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடி தூங்கும். டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன், அசையாது.

நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பூச்சிமருந்து பற்றித் தனியாகச் சொல்ல இருந்தேன். ஒன்று மட்டும்: அடித்தே தீர வேண்டுமென்றால் காலையில் வேண்டாம், சாயங்காலம் தேனீக்கள் அடங்கிய பிறகு அடியுங்கள். அப்புறம், கொல்லையில் ஒரு முழம் மண்ணையாவது சிமென்ட் பூசாமல் விடுங்கள், நீலத் தேனீ தோண்ட இடம் வேண்டும். வணக்கம்.