அரியர் உங்க வருஷத்தை நிறுத்தாது, அட்டெண்டன்ஸ் நிறுத்தும் | அண்ணா யூனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடியோ அண்ணா யூனிவர்சிட்டியோட 2021 ரெகுலேஷன்ல, அதாவது அந்தப் படிப்பு, பரீட்சை விதிமுறையில, படிக்கிற இன்ஜினியரிங் பசங்களுக்கு. அவங்க அம்மா அப்பாவையும் பக்கத்துல உட்கார வச்சுப் பாருங்க. ஏன்னா வீட்ல யாரும் காலேஜ் வாசலையே மிதிக்காத குடும்பத்துல இருந்து வர்ற பிள்ளைங்க நிறைய பேர் என் கிளாஸ்ல இருக்காங்க. 2021-ல கவர்ன்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கீடு இன்ஜினியரிங்குக்கும் வந்த பிறகு இன்னும் நிறைய பேர் வர்றாங்க. மனசுக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கு. ஆனா உள்ள வந்த பிறகு இந்த விதிமுறைகளை யாரும் அவங்களுக்கு உட்கார வச்சுச் சொல்றதில்ல. ஹாஸ்டல்ல சீனியர் சொல்றதுதான் சட்டம்னு நம்பிடுறாங்க.

நான் அஃபிலியேட்டட் காலேஜ்ல, அதாவது அண்ணா யூனிவர்சிட்டியே பரீட்சை நடத்துற இணைப்புக் காலேஜ்ல, கிளாஸ் அட்வைசர். அண்ணா யூனிவர்சிட்டியோட 2021 ரெகுலேஷன் பத்தி மட்டும்தான் இப்ப பேசப் போறேன். தானே பரீட்சை நடத்திக்கிற அட்டானமஸ் காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு அந்தக் காலேஜோட ரெகுலேஷன் தனி. நீங்க சேர்ந்த வருஷம் எந்த ரெகுலேஷன் நடப்புல இருந்துச்சோ, பொதுவா அதுதான் உங்களுக்கு, அதை முதல்ல பார்த்து வச்சுக்கோங்க.

சரி. எங்கிட்ட அதிகமா வர்ற கேள்வி, "சார், மூணு அரியர் இருக்கு, செகண்ட் இயர் போக விடுவாங்களா?" அரியர்னா பாஸ் ஆகாம பாக்கி நிக்கிற பாடம். விடுவாங்க. 2021 ரெகுலேஷன்ல அரியர் எண்ணிக்கையைப் பார்த்து உங்களை அடுத்த வருஷம் போகாம நிறுத்தி வைக்கிறதில்ல. பக்கத்துல தெலங்கானாவுல, ஹைதராபாத் ஜேஎன்டியூ யூனிவர்சிட்டியில, கிரெடிட், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் இருக்கிற எடைப் புள்ளி, இத்தனை எடுத்தாத்தான் அடுத்த வருஷம்னு கணக்கு இருக்கு. நம்ம ஊர்ல அது கிடையாது. எட்டு செமஸ்டர் படிப்பு, முடிக்கிறதுக்கு அதிகபட்சம் 14 செமஸ்டர். டிப்ளமா முடிச்சு லேட்டரல் என்ட்ரியில வந்தவங்களுக்கு 12.

அப்ப எது நிறுத்தும்? அட்டெண்டன்ஸ். இதைத்தான் பசங்க ரொம்ப லேசா எடுத்துக்கிறாங்க.

ஒட்டுமொத்தமா 75 சதவீதம் வேணும். அது எல்லா பாடத்தையும் சேர்த்து வர்ற கணக்கு. 65-ல இருந்து 75-க்குள்ள இருந்தா, உடம்பு சரியில்லாம போனது, ஸ்போர்ட்ஸுக்குப் போனது மாதிரி சரியான காரணமும் அதுக்கான சர்டிபிகேட்டும் இருந்தா, அனுமதி வாங்கிப் பரீட்சை எழுதலாம். 65-க்குக் கீழ போயிட்டா அந்த செமஸ்டர் பரீட்சையும் கிடையாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. அதே செமஸ்டரை அடுத்த கல்வி ஆண்டுல திரும்பப் படிக்கணும். இப்ப மூணாவது செமஸ்டர்னா, அடுத்த வருஷம் மூணாவது செமஸ்டர் வரும்போதுதான் உள்ள வரலாம். ஒரு வருஷம் போச்சு. கூடப் படிச்சவன் எல்லாம் தேர்ட் இயர்ல இருப்பான், நீங்க ஜூனியர் பெஞ்ச்ல உட்காரணும். மூணு அரியர் வச்சிருக்கிற பையன் கவலைப்பட்டுத் தூங்காம இருக்கான். அட்டெண்டன்ஸ் 63-ல நிக்கிற பையன் நிம்மதியா கிரவுண்ட்ல கிரிக்கெட் ஆடிட்டு இருக்கான். எனக்கு அவனை நினைச்சாத்தான் வயித்தைக் கலக்குது.

கணக்கைப் போட்டுக் காட்டுறேன், பாருங்க. ஒரு செமஸ்டருக்கு 500 பீரியட்னு வச்சுக்கோங்க. கால்வாசி 125. ஒரு நாளைக்கு ஏழு பீரியட்னா 17 நாள், பதினெட்டாவது நாள் முழுசாக் கூட வராது. கேட்க நிறைய மாதிரித்தான் இருக்கும். ஊர்த் திருவிழாவுக்கு நாலு நாள், தீபாவளிக்கு முன்னாடியும் பின்னாடியும் சேர்த்து மூணு நாள், அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம். பதினாலு நாள் போச்சு, மீதி மூணே நாள். இதுக்கு மேல ஒரு டெங்கு காய்ச்சல் வந்தா எங்க போவீங்க?

இன்னொரு விஷயம். மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்தா வராத நாள் வந்த நாளா மாறிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மாறாது. ஆப்சென்ட் ஆப்சென்ட்தான். அந்த 65-ல இருந்து 75 வரைக்கும் இருக்கிற இடத்துல அனுமதி கேட்கிறதுக்கு மட்டும்தான் அந்த சர்டிபிகேட். 60-ல நிக்கிறவனுக்கு எத்தனை டாக்டர் கையெழுத்துப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. அதனால உண்மையாவே உடம்புக்கு முடியலன்னா, குணமாகி வந்த அன்னைக்கே சர்டிபிகேட்டை அட்வைசர் கையில குடுங்க. செமஸ்டர் கடைசி வாரம் தூக்கிட்டு ஓடி வராதீங்க.

ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில இருக்க வேண்டிய நிலைமைன்னா, அம்மா அப்பா கவனமாக் கேளுங்க, பிரேக் ஆஃப் ஸ்டடின்னு ஒண்ணு இருக்கு. முன்கூட்டியே எழுதிக் குடுத்து ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி வைக்கலாம். வருஷம் போறது ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆனா அனுமதியோட நிறுத்தினா ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன் வாங்குற தகுதி போகாது. எழுதிக் குடுக்காம வீட்ல இருந்துட்டு அட்டெண்டன்ஸ் இல்லாம போனா அந்தத் தகுதி போயிடும். ஒரு லெட்டர்தான் வித்தியாசம். இதைத் தெரியாம நல்லாப் படிக்கிற பிள்ளைங்க இழந்துடக் கூடாதுன்னுதான் திரும்பத் திரும்பச் சொல்றேன்.

அடுத்தது இன்டர்னல், அதாவது காலேஜ்லயே போடுற மார்க். 2017 ரெகுலேஷன்ல தியரிக்கு இன்டர்னல் 20, யூனிவர்சிட்டி 80. 2021-ல அது 40, 60 ஆயிடுச்சு. லேபுக்கு இன்டர்னல் 60, யூனிவர்சிட்டி 40. இந்த மாற்றம் எவ்வளவு பெருசுன்னு பசங்களுக்கு இன்னும் உறைக்கல.

பாஸ் ஆகுறதுக்கு ரெண்டு வாசல் இருக்கு, ரெண்டையும் தாண்டணும். யூனிவர்சிட்டி பரீட்சையில மட்டும் 100-க்கு 45 எடுக்கணும். ரெண்டையும் கூட்டினா 50 வரணும். யூனிவர்சிட்டியில 45 எடுத்தா அது 60-க்கு 27. அப்ப இன்டர்னல்ல 23 இருந்தாப் போதும், பாஸ். இன்டர்னல்ல 12 வச்சிருக்கிற பையன்? அவனுக்கு 60-க்கு 38 வேணும். அதாவது யூனிவர்சிட்டி பேப்பர்ல 100-க்கு 64 எடுத்தாகணும். டிரான்ஸ்ஃபார்ம்ஸ்னு ஒரு மேத்ஸ் பேப்பர் இருக்கே, அதுல 64! நல்லாப் படிக்கிற பிள்ளைக்கே அது சும்மா வர்ற மார்க் இல்ல. இன்டர்னல்ல முழுசா 40 வச்சிருந்தாலும் யூனிவர்சிட்டியில 44 எடுத்தா யு கிரேடுதான், அதாவது ஃபெயில், அதையும் மறந்துடாதீங்க.

இன்டர்னல் எங்க போகுதுன்னா அசைன்மென்ட்ல. ஒவ்வொரு அசெஸ்மென்ட்லயும் டெஸ்டுக்கு 60, அசைன்மென்ட், செமினார், மினி பிராஜெக்ட் மாதிரி விஷயத்துக்கு 40. நாற்பதுக்குக் குறைச்சுப் பார்த்தா 16 மார்க் அந்த அசைன்மென்ட் பக்கம் இருக்கு. அதை வாட்ஸ்அப்ல ஒருத்தன் போட்ட பிடிஎஃப்பைப் பார்த்து ராத்திரி பதினோரு மணிக்கு ஈயடிச்சான் காப்பி அடிச்சு, முதல் பக்கத்துல அவன் ரோல் நம்பரோடவே குடுக்கிறாங்க. அரியர் எழுதப் போகும்போதும் முதல் தடவை வாங்குன இந்த இன்டர்னல்தான் கூடவே வரும். மறுபடி டெஸ்ட் வச்சு ஏத்திக்கலாம்னு நினைக்க வேண்டாம்.

இப்ப அம்மா அப்பாவுக்கு. ரிசல்ட் வந்த வாரம் ஒருத்தர் என்னைப் பார்க்க வந்தார். லோடு வண்டி ஓட்டுறவர், டிரிப்பை நடுவுல நிறுத்திட்டு வந்திருந்தார். "சார், பையன் எட்டு புள்ளி ரெண்டு எடுத்திருக்கேன்னு சொன்னான். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப ரெண்டு பேப்பருக்குப் பணம் கட்டணுங்கிறான். எட்டு புள்ளி ரெண்டு எடுத்தவன் எதுக்கு சார் திரும்ப எழுதணும்?" கிரேடு ஷீட்டை மேஜையில வச்சு, ஒவ்வொரு வரியா விரலை வச்சுக் காட்டினேன். இங்கிலீஷ் ஏ. தமிழர் மரபு ஓ. பைத்தான் ஏ. மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், யு. கெமிஸ்ட்ரி, யு. அவர் அந்த யு மேலயே விரலை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் பேசல.

பையன் பொய் சொல்லல. ஜிபிஏன்னா ஒரு செமஸ்டரோட கிரேடு சராசரி, எல்லா செமஸ்டரையும் சேர்த்தா சிஜிபிஏ. அந்தக் கணக்குல பாஸ் ஆன பாடம் மட்டும்தான் சேரும். யு வந்த பாடம் கணக்குக்குள்ளயே வராது. நாலு கிரெடிட் கணக்குப் பாடம் போனாலும் மீதியை வச்சு எட்டு புள்ளி ரெண்டுன்னு அழகாக் காட்டும். அப்புறம் அந்தக் கணக்குப் பாடத்தைக் குறைஞ்ச கிரேடுல பாஸ் பண்ணும்போது சிஜிபிஏ கீழ இறங்கும். பாஸ் பண்ணா ஏன் சார் குறையுதுன்னு அப்ப வந்து கேட்பாங்க. நாலு கிரெடிட் பாடம் ஒரு கிரெடிட் பாடத்தை விட நாலு மடங்கு இழுக்கும், அதான். ஆகவே ஜிபிஏ எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க. யு எத்தனை, எஸ்ஏ இருக்கான்னு கேளுங்க. எஸ்ஏன்னா அட்டெண்டன்ஸ் பத்தலன்னு அர்த்தம்.

டிஸ்டிங்ஷன் வேணும்னா சிஜிபிஏ 8.5, எல்லா பாடமும் முதல் தடவையிலேயே பாஸ். ஒரே ஒரு அரியர் வந்தா 9.4 இருந்தாலும் டிஸ்டிங்ஷன் கிடையாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்ற கம்பெனிகள்ல நிறைய பேர் இன்னும் பாஸ் பண்ணாத ஸ்டேண்டிங் அரியர் இருந்தா உள்ளயே விட மாட்டாங்க, அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

யு வந்துட்டா உடனே மனசு உடைஞ்சு போகாதீங்க. முதல்ல விடைத்தாள் போட்டோ காப்பிக்கு அப்ளை பண்ணுங்க. காப்பி வந்ததும் சப்ஜெக்ட் எடுத்த ஸ்டாஃப்கிட்ட உட்கார்ந்து பாருங்க. மார்க் விட்டுப் போயிருக்குன்னு அவங்க சொன்னா ரீவேல்யுவேஷன், அதாவது மறுபடி திருத்தச் சொல்லி, போடுங்க. போட்டோ காப்பி வாங்காம நேரா ரீவேல்யுவேஷன் போக முடியாது. லேப், பிராஜெக்டுக்கு ரீவேல்யுவேஷனே இல்ல. போட்டோ காப்பி, ரீவேல்யுவேஷனுக்கு அப்ளை பண்ற நாள் ரொம்பக் கம்மி, ரிசல்ட் வந்த அன்னைக்கே சர்க்குலரைப் பாருங்க.

அப்புறம், எப்படியும் ஆல் பாஸ் போட்டுடுவாங்கன்னு காத்திருக்கிற தம்பிகளுக்கு ஒண்ணு. 2020 ஆகஸ்ட்ல கொரோனா நேரத்துல, ஃபீஸ் கட்டுன அரியர் எல்லாம் பாஸ்னு அரசு அறிவிச்சது. போஸ்டர் எல்லாம் ஒட்டிக் கொண்டாடுனாங்க. தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கிற மத்திய அமைப்பு ஏஐசிடிஇ ஏத்துக்கல. கேஸ் சென்னை ஹைகோர்ட் போச்சு. 2021 ஏப்ரல்ல, இதை ஏத்துக்க முடியாது, பரீட்சை வைக்கணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. அந்த எட்டு மாசமும் புத்தகத்தைத் தொடாம இருந்தவங்க திரும்ப முதல்ல இருந்து படிக்க வேண்டியதாப் போச்சு. இப்ப நவம்பர், டிசம்பர்ல ஒண்ணு, ஏப்ரல், மே-யில ஒண்ணுன்னு பரீட்சை வருது. அரியர் இருக்கிறவங்க முதல்ல நாலு கிரெடிட் பாடத்தை எடுங்க. ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸைத் தேர்ட் இயருக்குத் தள்ளிட்டுப் போனா, அப்ப டிபார்ட்மென்ட் பேப்பர் கழுத்தை நெரிக்கும், தொட நேரமே இருக்காது.

ரெகுலேஷன் பிடிஎஃப் யூனிவர்சிட்டி சைட்லயே இருக்கு. முழுசாப் படிக்க நேரமில்லன்னா அட்டெண்டன்ஸ், பாஸிங் ரிக்வயர்மென்ட், பிரேக் ஆஃப் ஸ்டடி, இந்த மூணு பகுதியை மட்டும் இன்னைக்கு ராத்திரி படிங்க. கமெண்ட்ல கேள்வி கேட்கிறவங்க எந்த வருஷம் சேர்ந்தீங்க, ரெகுலரா லேட்டரலா, அட்டானமஸா இல்லையான்னு சேர்த்துப் போடுங்க. அது தெரியாம என்னால சரியான பதில் சொல்ல முடியாது. எஸ்ஏ வந்தவங்க கமெண்ட்ல கேட்டுட்டுக் காத்திருக்க வேண்டாம், நாளைக்குக் காலையில முதல் வேலையா டிபார்ட்மென்ட் தலைவர் ஹெச்ஓடியைப் போய்ப் பாருங்க.