விருதா, வாசகரா? கடலூர்ப் பட்டிமன்றத்தில் வாசகர் பக்கம் நின்று பேசியது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சீரியலை விட்டுவிட்டு இலக்கியம் கேட்க வந்திருக்கும் கடலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். நாவலாசிரியர் இமையத்துக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது அறிவித்த பிறகுதான் ஊர் அவரைத் தேடியது, ஆகவே நாவலாசிரியரைத் தூக்கி நிறுத்துவது விருதுதான் என்றார். விருதுச் செய்தியைப் பார்த்துக் கடைக்கு ஓடியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரிய மொய் எழுதியவர் வந்ததால்தான் கல்யாணமே நடந்தது என்று சொன்னால் பெண் வீட்டார் சும்மா இருப்பார்களா?

கொஞ்சம் பின்னால் போவோம். ‘கோவேறு கழுதைகள்’ நாவலை க்ரியா பதிப்பகம் 1994இல் வெளியிட்டது. அப்போது இமையத்துக்கு முப்பது வயது. கழுதூரில் பிறந்தவர், நம் மாவட்டத்துக்காரர். அந்த நாவலின் ஆரோக்கியம், தலித் குடியிருப்புக்குத் துணி வெளுத்து, அந்த வீடுகளில் சோறு வாங்கிப் பிழைக்கிற வண்ணாத்தி. ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கீழேயும் ஒருத்தியை வைத்திருக்கிறோம் என்று அந்த நாவல் சொன்னது. கொண்டாடியவர்கள் கொண்டாடினார்கள். தலித் விமர்சகர்களிலேயே சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தையும் நான் வரவேற்பில்தான் சேர்ப்பேன். ஒரு நாவலோடு சண்டை போட வேண்டுமென்றாலும் முதலில் அதைப் படித்திருக்க வேண்டுமே! லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அவரும் முதலில் வாசகர்தான். அந்த 1994க்கும் எதிரணி கொண்டாடும் 2020க்கும் நடுவில் 26 வருஷம். அத்தனை காலம் அவர் பெயரை அழியாமல் வைத்திருந்தது யார்?

அப்புறம் ‘பெத்தவன்’. 2012இல் வந்த நெடுங்கதை. மகள் தலித் பையனைக் காதலிக்கிறாள், அவளைக் கொன்றுவிடு என்று ஊர் சொல்கிறது. அப்பன் அவளைத் தப்பிக்க வைத்துவிட்டுத் தன் உயிரை விடுகிறான். அதே ஆண்டு நவம்பரில் தருமபுரியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். சாதி தாண்டிய ஒரு கல்யாணம், பெண்ணின் தகப்பனார் தற்கொலை, எரிந்துபோன தலித் வீடுகள். அதற்குப் பிறகு அந்தக் கதை கைக்குக் கை போனது. எந்த நடுவர் குழு கூடி அதை இன்னொருவர் கையில் கொடுத்தது? படித்தவர் தூக்கம் கெட்டு, ‘நீயும் படி’ என்று கொடுத்தார்.

சரி, விருது வாங்கிய ‘செல்லாத பணம்’ நாவலுக்கே வருகிறேன். இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் தீப்பட்டுப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டிலும் அதன் வாசலிலும்தான் நடக்கிறது. கையில் பணத்தை வைத்துக்கொண்டு அப்பாவும் அண்ணனும் வெளியே நிற்கிறார்கள். அந்தப் பணத்தால் ஒன்றும் ஆகவில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைக் கேட்கிறேன். யாருக்காவது தீப்பட்டது என்று சேதி வந்தால் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? ‘எங்கே வச்சிருக்காங்க?’ ‘ஜிப்மருக்குக் கொண்டு போயிட்டாங்க’ என்று பதில் வந்தால் அதற்கு மேல் பேச்சு இருக்காது. ஒருத்தர் பஸ் பிடிக்கக் கிளம்புவார், ஒருத்தர் வீட்டில் பணம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். புதுச்சேரிக்குப் போய் அந்த வாசலில் துண்டை விரித்துப் படுத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். வார்டுக்குள் ஒருத்தரைத்தான் விடுவார்கள், மற்றவர்கள் வெளியே நின்று யார் மேல் தப்பு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளை மேலா, பிடிவாதம் பிடித்த அப்பா மேலா, போய் மாட்டிக்கொண்ட பெண் மேலா? நாவலும் அந்தக் கேள்விக்குச் சுலபமாகத் தீர்ப்பு எழுதித் தராது. அதனால்தான் படித்துவிட்டு வீட்டுக்கு வீடு வாதம் நடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு புருஷன் பெண்டாட்டிக்குள்ளேயே நடந்தது, பெயர் சொன்னால் நான் வீடு போய்ச் சேர முடியாது.

விருதுக் குழு ஒரு வருஷம் கூடும், ஒரு புத்தகத்தை எடுக்கும், கலையும். அடுத்த வருஷம் வேறு பெயர். நம் அலமாரியிலேயே அகாதெமி முத்திரையோடு பிரிக்காமல் கிடக்கும் புத்தகம் எத்தனை? என் வீட்டிலும் இருக்கிறது, பரிசாக வந்தது.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், முடித்துவிடுகிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. ‘ஆறுமுகம்’, ‘செடல்’, ‘எங் கதெ’ என்று இமையத்தின் மற்ற நாவல்களும் இருக்கின்றன. அகாதெமி பரிசு இவற்றில் எதற்கும் கிடைத்ததில்லை. இதில் நீங்கள் படித்தது எது? ஒன்றையாவது படித்திருந்தால், ஐயா, தயவுசெய்து இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.