அத்தோ சாப்பிடுவோம், வாடகைக்கு வீடு தருவோமா?

மக்களே, வணக்கம். பின்னால் ஹாரன் சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச் ரோட்டில் நிற்கிறேன். இங்கே சத்தம் அடங்கும் வரை காத்திருந்தால் வீடியோவே எடுக்க முடியாது.

"சென்னை எல்லாரையும் அரவணைக்கிற ஊர்" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள் இல்லையா, அது வடசென்னையில் எந்த அளவுக்குச் செல்லும் என்று நடந்தே பார்க்கலாம் என்று வந்தேன். எனக்கு அந்தப் பேச்சில் பாதிதான் உடன்பாடு.

முதலில் சாப்பாடு. அண்ணன் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், போடுகிறார், கையைக் கவனியுங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போடுகிறார். மேலே மெலிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ, அதாவது மொறுமொறுவென்று பொரித்த ஒரு பண்டம். அப்புறம் புளித்தண்ணி, மிளகாய்த்தூள், உப்பு, பூண்டு எண்ணெய். கரண்டியெல்லாம் கிடையாது, கையாலேயே பிசைகிறார். தொட்டுக்கொள்ள, இல்லை, கூடவே குடிக்க வாழைத்தண்டு சூப். சூப்புக்குத் தனிக் காசு இல்லை, தீர்ந்தால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்.

இது எப்படி இங்கே வந்தது? பர்மாவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்ந்தார்கள். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், அடுத்து கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கினார்கள். கடை போனது, தொழில் போனது. கப்பலேறி நம் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969இல் பீச் ஸ்டேஷன் எதிரே வரிசையாகக் கடை போட இடம் கொடுத்தார்கள். அதுதான் பர்மா பஜார். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். அந்தப் பக்கம் சாயங்காலம் போனால் இன்றைக்கும் தெருமுனையில் அத்தோ வண்டியும் மொய்ங்கா என்கிற நூடுல்ஸ் சூப் வண்டியும் நிற்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வந்தவர்கள் தமிழர்கள், பேசியது தமிழ், கும்பிட்டது முனீஸ்வரரை. ஆனாலும் "பர்மாக்காரங்க" என்று தனியாகத்தான் வைத்தார்கள். சொந்த மொழிக்காரனுக்கே அந்த நிலை என்றால் மற்றவன் கதையை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, நடப்போம். தங்கசாலைத் தெரு, அதாவது மின்ட் ஸ்ட்ரீட். சௌகார்பேட்டைக்குள் வந்தாச்சு. ராஜஸ்தான், குஜராத் குடும்பங்கள் பல தலைமுறையாக வியாபாரம் செய்கிற இடம். ரெண்டு முறுக்குக்கு நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி வைத்துத் தருகிறார்களே, அந்த முறுக்கு சாண்ட்விச் இங்கே பிறந்ததுதான். முறுக்கு நம்மூர்ச் சரக்கு, சட்னி அவர்கள் வீட்டுச் சரக்கு. சாப்பாட்டில் யாரும் யாரையும் ஊர் எது என்று கேட்பதில்லை. ஆனால் நாலு தெரு தள்ளி வீடு தேடிப் போன என் நண்பனிடம் முதலில் கேட்டது அட்வான்ஸ் பற்றியல்ல, "வெஜ்ஜா?" என்றுதான். மீன் வாங்கிச் சமைப்போம் என்று சொன்னான், பேச்சு அதோடு முடிந்தது. சௌகார்பேட்டையை மட்டும் சொல்லிவிட்டு நான் நகர முடியாது. எங்கள் பக்கத்தில் தமிழ் வீட்டுக்காரர்கள் சாதியையே சுற்றி வளைத்துக் கேட்பார்கள். "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று ஆரம்பிப்பார்கள், தெரியும்தானே.

ஆர்மீனியன் தெரு சர்ச்சைச் சும்மா கடந்து போகக்கூடாது. 1712இல் கட்டியது, 1772இல் திரும்பக் கட்டினார்கள். உள்ளே தரையெல்லாம் கல்லறைக் கற்கள். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794இல் அச்சானது நம் மதராசில்தான், பெயர் 'அஸ்தரார்'. நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இந்த வளாகத்திலேயேதான் அடக்கமாகியிருக்கிறார். ஆர்மீனியர்கள் வியாபாரத்துக்கு வந்தார்கள், வியாபாரம் போனது, அவர்களும் போய்விட்டார்கள்.

இப்போது ராயபுரம். பஸ்ஸில் வந்ததை வெட்டிவிட்டேன், அதில் ஒன்றுமில்லை. இந்தக் கேட்டுக்குப் பின்னால் இருப்பது பாரசீக வழிவந்த பார்சிகளின் அக்னி கோயில், 1910இல் கட்டியது. மற்ற மதத்தவர் உள்ளே போகக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், அதனால் கேமராவும் நானும் வெளியிலேயே நிற்கிறோம். பார்சி என்றதும் எனக்கு இன்னொரு ஆள் ஞாபகம் வருகிறார், இன்றைக்கு முக்கியமாகப் பேச வந்ததே அவரைப் பற்றித்தான்.

பெரம்பூர் பக்கம் பின்னி மில் இருந்தது தெரியும். பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று ரெண்டு மில். ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்த்த இடம். ஆதிதிராவிடர், மற்ற சாதி இந்துக்கள், முஸ்லிம்கள் என்று எல்லாரும் ஒரே சங்குச் சத்தத்துக்கு உள்ளே போனார்கள். அங்கேதான் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு முயற்சி. திரு.வி.க. கூட நின்றார். தலைவர் யார் என்றால் பி.பி.வாடியா, பம்பாய்ப் பார்சி. அவர் ஆங்கிலத்தில் பேசுவார், பக்கத்தில் நிற்பவர் தமிழில் சொல்வார், மில் தொழிலாளி கேட்பார். வேலை நேரம், சம்பளம், அடி உதை. எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. மூன்றே வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், அதே தொழிலாளர்கள் பிரிந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குத் திரும்பியது. தங்கள் கஷ்டம் வேறு, சங்கத்தில் தங்கள் குரலுக்கு மதிப்பில்லை என்ற நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா அவர்களுக்காகப் பேசினார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தவர்கள்தான். ஷிஃப்ட் முடிந்ததும் தனித்தனிச் சேரிக்கும் தனித்தனித் தெருவுக்கும் போனார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கலையிலும் இதே கதைதான். கர்நாடக சங்கீதம் என்றால் மயிலாப்பூர் என்று நினைக்கிறோம். வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை வாசிப்பைக் கேட்கப் பெரிய பெரிய வித்வான்கள் ஏறி வந்தது ஜார்ஜ் டவுன் வீட்டுக்கு. பெங்களூர் நாகரத்தினம்மாளும் இந்தப் பக்கம் வாழ்ந்தவர்தான். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார். இருவரும் தேவதாசி மரபில் வந்த பெண்கள். சங்கீதம் சபா சபாவாகத் தெற்கே நகர்ந்தது, அந்தப் பெண்களின் குடும்பங்கள் அந்த சபாக்களில் நுழைவது அவ்வளவு சுலபமாக இல்லை.

கானாவுக்கு அந்த யோகம்கூட இல்லை. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவார்கள், பக்கத்துத் தெருக்காரர் ஜன்னலைச் சாத்துவார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியபோது சட்டி மேளமும் கட்டமோளமும் கிடாரும் ஒன்றாக ஒலித்தன, ஜனம் நின்றுகொண்டே கேட்டது. அந்தப் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. எனக்கு அந்த இசை ரொம்பப் பிடிக்கும். ஆனால் கானா கேட்கிற எல்லாரும் புளியந்தோப்புப் பையனுக்கு வேலை கொடுப்பார்களா? முகவரியைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரமாக வைத்த கம்பெனிக் கதை எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒன்று இருக்கும்.

கடைசியாக மணலி. இந்த அண்ணாச்சி கடை வாசலைப் பாருங்கள். ஷாம்பு சாஷே வரிசைக்குப் பக்கத்தில் கடுகெண்ணெய் பாக்கெட் தொங்குகிறது. ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த பையன்களுக்காக. அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், பாக்கி கேட்கிற அளவுக்கு இந்தி கற்றுக்கொண்டார். "சம்பளத்தை நிறுத்திட்டா எங்கிட்டதான் வந்து சொல்லுவானுங்க தம்பி. நான் என்ன பண்ண, நோட்டுல எழுதி வச்சுக்கிறேன்" என்றார்.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979லேயே சட்டம் போட்டார்கள். பயணப்படி, தங்குமிடம், கூலி எல்லாம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. 2025இல் அதற்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அந்தப் பையன்களிடம் அவர்கள் உரிமை என்ன என்பதை அவர்கள் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். என் இந்தி சினிமா இந்தி, ஒடியா சுத்தமாகத் தெரியாது. உங்களில் ஒடியா பேசத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு லீவு, காலையிலேயே மணலிக்குப் போய்விடலாம்.