பருத்திக்கும் அவுரிக்கும் ஒரு பாத்தி

அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்புத் தோட்டத்தில் வெண்டையும் கத்திரியும் கீரையும் நன்றாகவே வருகின்றன. வரும் புரட்டாசியில் ஒரே ஒரு பாத்தியைத் துணிக்காக ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

"சாப்பிடுகிற செடிக்கே இடம் போதவில்லையே?" என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நீலச் சாயம் தரும் அவுரியும் நார் தரும் சணப்பும் பயறுக் குடும்பம். மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்த்துவிட்டுத்தான் போகும். சணப்பைப் பூக்கும்போதே மடக்கி உரமாக்குகிறோம். நாலு செடியை மட்டும் முற்றவிட்டு, தண்டை ஊறப்போட்டுப் பாருங்கள், கயிறு திரிக்க நார் கிடைக்கும்.

அவுரியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பச்சை இலையில் நீலம் கண்ணுக்குத் தெரியாது. இலையைத் தண்ணீரில் அமுக்கி, மேலே கல் வைத்து ஊறவிட வேண்டும். தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாகும். இலையை எடுத்துவிட்டுச் சிறிது சுண்ணாம்பு சேர்த்து, வாளிக்கு வாளி மாற்றி ஊற்றினால், காற்றுப் பட்டு நுரை நீலமாகும். அப்புறம் நீலம் வண்டலாக அடியில் படியும். முதல் தடவை நான் மூன்று நாள் ஊறவிட்டேன், நாற்றம்தான் மிஞ்சியது. ஒரு நாள் போதும்.

அந்த வண்டல் தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்க, தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு தொட்டியில் புளிக்கவிடுவார்கள் நம் பக்கத்துச் சாயக்காரர்கள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும். கையில் பிடித்திருக்கும்போதே நீலமாகும். நம் பிள்ளைகள் அதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் அவுரி வயல்கள் சுருங்கின. சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பைத் தந்த சாயவேரும் அதுபோல ஒதுங்கிப்போனது. அதற்கு மணல் மண்ணும் இரண்டு வருடப் பொறுமையும் வேண்டும். இப்போதைக்கு அது வேண்டாம்.

பருத்தியில் கருங்கண்ணி வைப்போம். மானாவாரியிலேயே வளரும் நாட்டு ரகம். காய் தலைகுனிந்து வெடிப்பதால் மழையில் பஞ்சு அவ்வளவாக நனையாது. வெண்டைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றின் பூச்சி மற்றதற்கும் தாவும்.

மஞ்சள் நிறத்துக்குத் துலுக்கச் செவ்வந்திப் பூவே போதும். துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரிலும் பிறகு படிகாரத்திலும் முக்கினால் நிறம் பிடித்து நிற்கும். சமையல் மஞ்சளில் முக்காதீர்கள், வெயிலில் வெளுத்துவிடும்.

ஒரு பாத்தியில் சேலை வராது. ஒரு கைக்குட்டை வரலாம். சரி, விதையும் கையால் நூல் நூற்க நாலு தக்ளியும் கொண்டுவந்திருக்கிறேன். கிணற்றடிப் பாத்தி காலியாக இருக்கிறதே, அதை ஞாயிற்றுக்கிழமை கொத்திவிட யார் யார் வருகிறீர்கள்?