ஓட்டை மறைத்த பிறகுதான் அது ஓட்டு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரத்திலும் எழுந்து போகாமல் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சீமைத் தேர்தலைக் கேட்க உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் பாராளுமன்றத் தேர்தலை மக்கள் தேர்தலாக மாற்றியது எது? ஓட்டுப் போடுகிறவர்களைப் பெருக்கியதா? போடுகிற ஓட்டை மறைத்ததா? எதிரணித் தலைவர் 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தார். 30 லட்சம் வாக்காளர்கள் 55 லட்சத்துக்கும் மேலாகப் பெருகினார்கள் என்று கை தட்டல் வாங்கினார். தட்டியது நியாயம்தான். நானும் தட்டினேன். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெண்கூட இல்லை, பத்து ஆண்களில் சுமார் நான்கு பேரும் இல்லை என்பதை அவர் மெதுவாகக் கடந்து போனார். போகட்டும். என் வழக்கு அது இல்லை.

என் வழக்கு 1872-க்கு முன்னால் ஒருவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதில் தொடங்குகிறது. பூத் கிடையாது, சீட்டு கிடையாது. ஊர் நடுவே பலகை அடித்து மேடை போட்டிருப்பார்கள். வாக்காளர் வந்து, தன் பேரைச் சொல்லி, யாருக்கு ஓட்டு என்பதை எல்லார் காதிலும் விழ உரக்கச் சொல்ல வேண்டும். எழுத்தர் எழுதிக்கொள்வார். கீழே யார் நிற்பார்கள்? நிலத்துக்காரரின் காரியஸ்தர் நிற்பார், கடன் கொடுத்த கடைக்காரர் நிற்பார், ஒரு பீப்பாய் பீரைக் குடித்து முடித்த கும்பலும் நிற்கும். அதோடு விட்டார்களா? யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பல ஊர்களில் புத்தகமாகவே அச்சடித்து விற்றார்கள். நடுவர் அவர்களே, இந்த அவையில் இருப்பவர்கள் போன தேர்தலில் போட்ட ஓட்டை நாளைக் காலை பேப்பரில் பேரோடு போட்டால், எத்தனை வீட்டில் மத்தியானம் அடுப்பு எரியும்?

வேல்ஸில் நடந்ததைக் கேளுங்கள். 1868 பொதுத் தேர்தல். கார்டிகன்ஷயர், கார்மார்தன்ஷயர் பக்கம் குத்தகை விவசாயிகள் துணிந்து லிபரல் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர்களுடைய நிலச்சுவான்தார்களோ கன்சர்வேடிவ். தேர்தல் முடிந்தது, நோட்டீஸ் வந்தது. தலைமுறையாக உழுத நிலத்தை விட்டுக் குடும்பம் குடும்பமாக வெளியேற்றப்பட்டார்கள். இவர்களுக்கு ஓட்டுரிமை இல்லாமலா போயிற்று? இருந்தது ஐயா! எதிரணி கொண்டாடும் அந்த உரிமை இருந்ததால்தான் வீடு போயிற்று. அவர்களைக் காப்பாற்ற ஒரு தட்டி மறைப்புதான் இல்லாமல் போயிற்று.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லைத் துணைக்கு அழைத்தார். ஓட்டு என்பது ஊர் நம்பி ஒப்படைத்த பொறுப்பு, அதை ஊரறியச் செலுத்துவதுதான் முறை என்று மில் வாதிட்டது உண்மை. பெரிய அறிவாளி. அவர் அப்பா ஜேம்ஸ் மில் ரகசிய ஓட்டுக்காக வாதாடினார் என்பதையும் சொல்லியிருக்கலாம், பரவாயில்லை. மில்லுக்கு நான் சொல்லும் பதில் சின்னது. குத்தகை நிலத்தில் வாழாதவருக்கு அந்தத் தத்துவம் சுலபம். வீரனாக இருந்தால்தான் ஓட்டுப் போட முடியும் என்றால், அது தேர்தல் இல்லை, போர்க்களம்.

ஆகவேதான் ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சாசன இயக்கத்துத் தொழிலாளர்கள் 1838-லேயே தங்கள் ஆறு கோரிக்கைகளில் ஒன்றாக ரகசிய ஓட்டையும் எழுதினார்கள். கிடைக்க முப்பத்து நான்கு வருடம் ஆயிற்று. 1871-இல் பிரபுக்கள் சபை மசோதாவைத் தள்ளியது. 1872-இல் வேண்டா வெறுப்பாக விட்டது, அதுவும் 1880 வரைக்கும்தான் என்று கெடு வைத்து. அதற்குப் பிறகு வருடா வருடம் நீட்டித்து நீட்டித்து, 1918-இல்தான் அது நிரந்தரச் சட்டமானது. பயனில்லாத சட்டத்துக்கு யாராவது இவ்வளவு பயப்படுவார்களா?

முதல் பரீட்சை 1872 ஆகஸ்ட் 15, பான்டிஃப்ராக்ட் இடைத்தேர்தல். அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பேர் போனது. பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள், முத்திரைக்கு மிட்டாய்க் கம்பெனியில் மிட்டாய் மேல் குத்துகிற அச்சையே வாங்கி வந்து குத்தினார்கள். பெட்டி இன்னும் அந்த ஊர் மியூசியத்தில் இருக்கிறது. ஜெயித்த ஆளைச் சொல்லவில்லை, பெட்டியைச் சொல்கிறேன். ஜெயித்த சில்டர்ஸ் பழைய எம்.பி.தான்.

சிரித்தது போதும், இப்போது கணக்குக்கு வருவோம். எதிரணி இதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அயர்லாந்து. 1868 தேர்தலுக்கும் 1874 தேர்தலுக்கும் நடுவில் அங்கே யாருக்கு ஓட்டு என்ற விதி மாறவில்லை. புதிதாக ஒரு பாமரனுக்கும் உரிமை கொடுக்கவில்லை. மாறியது பெட்டி மட்டும். 1874-இல் தன்னாட்சி கேட்டவர்கள் 103 இடங்களில் சுமார் 60 இடங்களைப் பிடித்தார்கள். ஐசக் பட் அந்த இயக்கத்தையே 1870-இல்தானே தொடங்கினார் என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். பாதிரியார் சொல்லுக்கும் கனம் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலச்சுவான்தார் மேடைக்குக் கீழே நின்று பெயர் குறித்திருந்தால், அந்த இயக்கத்துக்கு இத்தனை குத்தகைக்காரர்கள் வாய் திறந்திருப்பார்களா? பட் காலத்தில் போட்ட அடித்தளத்தின் மேல்தான் 1885-இல் அதே இயக்கத்தின் பிற்காலத் தலைவர் பார்னெல் 86 பேரோடு வந்து நின்று, லண்டனில் யார் ஆட்சி என்பதையே தீர்மானித்தார்.

மறுபக்கமும் பாருங்கள். எல்லா ஆண்களுக்கும் ஓட்டு கொடுத்த நாடு பிரான்ஸ், 1848-லேயே. எதிரணி அகராதியில் அது சொர்க்கமாக இருக்க வேண்டும். மூன்றாம் நெப்போலியன் என்ன செய்தார்? அரசாங்க வேட்பாளர் என்று ஒருவரை நிறுத்தினார், மாவட்ட அதிகாரிகளே அவருக்கு வேலை பார்த்தார்கள். வேட்பாளர் தரப்பே சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். மடித்த சீட்டை அதிகாரி கையில் வாங்கித்தான் பெட்டியில் போடுவார். காகிதத்தைத் தடவினாலே யாருடையது என்று தெரியும். உறையும் மறைவிடமும் வந்தது 1913-இல். ஓட்டுப் போடும் கூட்டத்தைப் பெருக்கிவிட்டு மறைப்பைக் கொடுக்காவிட்டால், வேலியில்லாத வயலில் விதைத்த மாதிரி, மேய்கிறவர்களுக்குத்தான் லாபம்.

இப்போது எதிரணியின் பலமான கேள்வி. 1880-இல் பெட்டியும் மறைப்பும் இருந்தனவே, சாண்ட்விச் என்ற தொகுதி என்னாயிற்று என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. சாண்ட்விச் தொகுதி இடைத்தேர்தலில் பட்டுவாடா ஆறாக ஓடியது. இரண்டு கட்சியிலும் வாங்கிய நியாயஸ்தர்களும் உண்டு. விசாரணைக் கமிஷன் வந்து, கடைசியில் அந்தத் தொகுதியே போயிற்று. மாக்கிள்ஸ்ஃபீல்டுக்கும் அதே கதி. மறைப்பு மட்டும் போதாது, ஐயா. அதற்குத்தான் 1883-இல் அட்டர்னி ஜெனரல் ஹென்றி ஜேம்ஸ் இரண்டாவது பூட்டைப் போட்டார். தொகுதிக்கு இவ்வளவுதான் செலவு என்று வரம்பு வைத்தார். கணக்கு முழுக்க ஒரே ஏஜென்ட் கையில். வண்டி வாடகைக்கு எடுத்து ஆள் ஏற்றக் கூடாது, சாராயக் கடையில் தேர்தல் அலுவலகம் கூடாது, கொடிக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் ரிப்பனுக்கும் காசு தரக் கூடாது. 1880-இல் வேட்பாளர்கள் காட்டிய செலவு சுமார் 17 லட்சம் பவுண்டு. வாக்காளர் கூட்டம் இரு மடங்கை நெருங்கிய 1885-இல் அது சுமார் 10 லட்சம்! ஆள் கூடி, காசு குறைந்தது. இதைச் செய்தது எதிரணியின் 1884 இல்லை, எங்கள் 1883.

ஜோசப் ஆர்ச்சை மறந்துவிட்டேனா? இல்லை. விவசாயக் கூலியாகப் பிறந்து, 1885-இல் நார்ஃபோக்கிலிருந்து பாராளுமன்றம் போனார். 1884 சட்டத்தால்தானே கூலிக்காரனுக்கு ஓட்டு வந்தது என்று அடுத்தவர் சொல்லப் போகிறார். வந்தது. ஆனால் கூலிக்காரன் குடியிருந்தது பல இடங்களில் பண்ணைக்காரர் கொடுத்த வீட்டில். வேல்ஸ் குத்தகைக்காரருக்காவது கொஞ்சம் நிலம், கொஞ்சம் மாடு இருந்தது. இவருக்கு வாரக் கூலி மட்டும். இவரைப் பழைய பலகை மேடையில் ஏற்றி யாருக்கு ஓட்டு என்று கேட்டிருந்தால், ஆர்ச்சுக்குப் பதில் பண்ணையார் சொன்ன ஆள்தான் போயிருப்பார், முன்னைவிட அதிக ஓட்டு வித்தியாசத்தில்.

மணி அடித்துவிட்டார்கள், இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். 1888-இல் பிரதமர் சாலிஸ்பரி பிரபு, ஒரு கறுப்பு மனிதரை ஆங்கிலேயத் தொகுதி தேர்ந்தெடுக்குமா என்று மேடையில் நக்கலடித்தார். 1892-இல் லண்டன் மத்திய ஃபின்ஸ்பரி தாதாபாய் நௌரோஜியைத் தேர்ந்தெடுத்தது, விரல் விட்டு எண்ணும் வித்தியாசத்தில். அங்கே ஓட்டுப் போட்டவர்கள் நகரத்துக் குடித்தனக்காரர்கள். அவர்களுக்கு ஓட்டு வந்தது 1867 சட்டத்தில், உங்கள் 1884-இல் இல்லை. பிரதமரே கேலி செய்த ஆளுக்கு, முதலாளி முன்னால் உரக்கப் பெயர் சொல்லி, அந்தக் கடைசி நாலைந்து பேர் ஓட்டுப் போட்டிருப்பார்களா? அடுத்து வரும் எதிரணி அம்மையார் இதற்கும், 1874 அயர்லாந்துக்கும் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.