பழைய மில் அணைக்குப் பக்கத்துல, பாறையில உரல் மாதிரி குழி எப்படி வந்துச்சு?

அடுத்த கேள்வி, மேற்கு மாம்பலத்துலேருந்து ஒரு அம்மா. அமெரிக்காவுல பொண்ணு வீட்டுக்குப் போனப்போ, மாசச்சூசெட்ஸ்ல ஷெல்பர்ன் ஃபால்ஸ்னு ஒரு ஊரு, டியர்ஃபீல்டு ஆத்துல அணைக்குக் கீழ பாறை பூரா வட்டவட்டமா குழி பாத்திருக்காங்க. "மில்லுக்காரங்க வெட்டினதா, அணைத் தண்ணி விழுந்து விழுந்து ஆனதா?"ன்னு கேக்கறாங்க.

ரெண்டும் இல்லம்மா. அதுக்குப் பேரு குடக்குழி. தம்பி, கேமராவைக் கொஞ்சம் கீழ காட்டு. இது எங்க பாட்டி ஆட்டுக்கல்லு, இப்போ துளசித் தொட்டிக்கு முட்டு குடுத்துட்டு நிக்குது. இதுல குழவி சுத்தும்ல? ஆத்துல சுழிதான் ஆட்டுது, கூழாங்கல்லும் மணலும்தான் குழவி. வெறும் தண்ணி அவ்வளவா தேய்க்காது. ஒரு கல்லு தேஞ்சு மணலாப் போனா, அடுத்த வெள்ளத்துல வேற கல்லு வந்து உக்காரும். இப்படியே பல ஆயிரம் வருஷம். அந்த ஊர்ல பெரிய குழிக்கு 39 அடி குறுக்களவு சொல்றாங்க!

சரி, ஏன் அணைக்குப் பக்கத்துலயே? மில்லு ஓட்ட தண்ணி கொஞ்ச தூரத்துலயே சரசரன்னு இறங்கணும், அணைய ஊன்ற கெட்டிப் பாறை வேணும். குழி விழவும் அதே ரெண்டும்தான் வேணும். குழி முந்தி, அணை பிந்தி. அணை கட்டி தண்ணியைத் திருப்பினதும் பாறை காஞ்சு, குழி கண்ணுல படுது, அவ்வளவுதான்.

மனுஷன் வெட்டினதான்னு பாக்க உள்ள விரலை விட்டுத் தடவுங்க. "ஆட்டுக்கல்லு கொத்தறதேய்"னு தெருவுல வருவாங்களே, அந்த உளி பட்ட இடம் புள்ளி புள்ளியா சொரசொரன்னு இருக்கும். குடக்குழி வழவழன்னு இருக்கும். சிலதுல வாய் சின்னது, வயிறு பெருசு, பானை கணக்கா. குழியில தண்ணி தேங்கி நின்னா இறங்கவே இறங்காதீங்க. பாசி வழுக்கும், ஏற பிடி கிடைக்காது.

நம்ம அடையாறு, கூவத்துல தேடாதீங்க. அங்க மணலும் வண்டலும்தான், சரிவும் கிடையாது. சின்னமலைப் பக்கம் பாறை இருக்கேன்னா, தண்ணி அங்க அப்படிச் சுழிச்சுப் பாயணுமே! இந்தியாவுலயே பாக்கணும்னா மகாராஷ்டிராவுல நிகோஜ், குக்கடி ஆறு. எரிமலைக் கருங்கல்லுல குடைஞ்சிருக்கும்.

அம்மா, நீங்க அனுப்பின போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க. குழிக்கு அடியில உருண்டையா மூணு கல்லு கெடக்குது. அதுதான் குழவி.