பழைய பெரிய காரைத் தானம் கொடுக்கும் முன்

வணக்கம். டிசம்பர் வந்தாலே அமெரிக்க வானொலிகளில் ஒரு விளம்பரம் விடாமல் ஓடும். "உங்கள் பழைய காரை எங்களுக்குக் கொடுங்கள். ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, நாங்களே வந்து இழுத்துக்கொண்டு போகிறோம். உங்களுக்கு வரிச் சலுகையும் உண்டு" என்று. வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். பழைய கார்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். இரண்டும் சேருகிற இடம் என்பதால் இதைப் பற்றி வானொலியில் பேச ஒத்துக்கொண்டேன்.

அதிலும் பெரிய செடான். ஃபோர்டு கம்பெனியின் கிரவுன் விக்டோரியா, கிராண்ட் மார்க்கி, லிங்கன் டவுன் கார் இருக்கின்றனவே, மூன்றும் அக்கா தங்கைகள். கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து செயின்ட் தாமஸ் ஆலையில் 2011ஆம் ஆண்டோடு மூன்றுக்கும் மூடுவிழா. 4.6 லிட்டர் வி8 என்ஜின், முன்னால் மூன்று பேர் நெருக்கமில்லாமல் உட்காரும் நீள சீட். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் விமான நிலையத்திலேயே தெரியும், எந்தப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம், எல்லாம் டிக்கிக்குள் போய்விடும். இப்படியே விட்டால் அரை மணி நேரமும் என்ஜினைப் பற்றியே பேசிவிடுவேன். விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வண்டியைக் கொடுக்கிறோம் அல்லவா, அது எங்கே போகிறது? இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு கேள்விதான். பெரும்பாலும் அது தொண்டு நிறுவனத்தின் வாசலைக்கூடப் பார்ப்பதில்லை. டோ டிரக் நேராக ஏல மைதானத்துக்கு இழுத்துப் போகும். விற்ற பணத்தில் இழுவைச் செலவு, ஏலச் செலவு, இடையில் நிற்கும் கம்பெனியின் பங்கு எல்லாம் போக மிச்சம்தான் தொண்டுக்கு.

எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. என்னிடம் கணக்குப் போட வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள், அவர்கள் மன்னிக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அலுவலகம், அன்றைக்கு ஜெனரல் அக்கவுண்டிங் ஆபீஸ் என்று பெயர், 2003இல் கார் தானங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு 1983ஆம் வருடத்து டிரக் வருகிறது. ஏலத்தில் அது 375 டாலருக்குப் போனது. வசூல் செய்தவர் பங்கும் விளம்பரச் செலவும் கழிந்து தொண்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது எவ்வளவு தெரியுமா? 31 டாலர் 50 சென்ட்! சரி, கொடுத்த மகராசன் வரிக்கு உட்பட்ட வருமானத்தில் எவ்வளவு கழித்துக்கொண்டார்? 2,400 டாலர். மறுபடி சொல்கிறேன், காரோட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் தவறவிட்டிருக்கலாம்: கழித்தது 2,400, போய்ச் சேர்ந்தது முப்பத்தொன்றரை. இது ஏதோ ஒரு வண்டியின் தலையெழுத்து என்று நினைக்க வேண்டாம். அந்த அலுவலகம் தடம் பிடித்துப் போன 54 வண்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் சொன்ன மதிப்பில் ஐந்து சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் தொண்டுக்குக் கிடைத்தது.

நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. 2005 முதல் சட்டம் மாறியது. 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமானால், வண்டி என்ன விலைக்கு விற்றதோ அதுதான் உங்கள் கணக்கு. இணையத்தில் பார்த்த மதிப்பெல்லாம் செல்லாது. 500க்குக் கீழே விற்றால் மட்டும், சந்தை மதிப்பு அவ்வளவு இருக்கும் பட்சத்தில், 500 வரை காட்டலாம்.

போன வருடம் நண்பர் ஒருவர் 1098-சி படிவத்தை, அதாவது கார் தானத்துக்குத் தொண்டு நிறுவனம் தரும் சான்றை, எடுத்துக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படிவத்தில் விற்ற தொகை இருக்கும் கட்டத்தை விரலால் தட்டுகிறார். "650 என்று போட்டிருக்கிறானே, ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சா?" விடவில்லை. அதைவிடக் கசப்பான செய்தி என்னிடம் இருந்தது. அவர், செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கும் கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் கணவன் மனைவி சேர்ந்து போட்டால் அது 31,500 டாலர். வீட்டுக் கடன் வட்டி, மாநில வரி, தானம் எல்லாம் சேர்த்தும் அதைத் தாண்டாதவர்களுக்குக் கார் தானத்தால் ஒரு சென்ட்கூட வரி குறையாது. "சரி, வாசலாவது காலியாச்சே" என்று சிரித்தார். நல்ல மனுஷன்.

அதனால்தான் சொல்கிறேன், வரியை மறந்துவிடுங்கள். வண்டி எங்கே போகும் என்று கேளுங்கள். மேரிலாந்தில் வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் என்று ஒரு தொண்டு நிறுவனம். வரும் வண்டிகளில் தேறக்கூடியதைத் தங்கள் பட்டறையிலேயே பழுது பார்த்து, வேலைக்குப் போகக் கார் இல்லாமல் திண்டாடும் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் தருகிறார்கள். சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கு அங்கே மெக்கானிக் பயிற்சியும் உண்டு. வெர்மான்ட்டில் குட் நியூஸ் கராஜ் 1996 முதல் இதே போன்ற வேலையைச் செய்கிறது. இப்படி ஏழைக் குடும்பத்துக்கே வண்டி போனால், முன்பு சொன்ன விற்ற விலைக் கணக்கு இல்லை, சந்தை மதிப்பு முழுவதையும் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. நடமாடும் உணவு வண்டியாகத் தொண்டு நிறுவனமே நாள்தோறும் ஓட்டினாலும் அப்படித்தான்.

ஆனால் பெரிய செடான் எல்லாருக்கும் வரப்பிரசாதம் அல்ல. 2011 கிரவுன் விக்டோரியா ஊருக்குள் ஒரு கேலனுக்கு 16 மைல்தான் தரும். மணிக்கூலிக்குப் போகும் ஒரு தாய்க்கு அதைக் கொடுத்தால் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு பெட்ரோலுக்குப் போய்விடும். அந்த மாதிரி வண்டியைத் தொண்டு நிறுவனம் ஏலத்தில் விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு சின்னக் காரைச் சரிசெய்தால் நான் குறை சொல்லமாட்டேன். ஏலம் பாவமில்லை, எவ்வளவு கைக்கு வருகிறது என்பதுதான் கேள்வி. தொலைபேசியில் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைத்தால் வேறு இடம் பாருங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். ஆவணங்களைப் பற்றி விரிவாகச் சொல்வதாக இருந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், வாங்குபவர் இடத்தை வெறுமனே விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், தொண்டு நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். நம்பர் பிளேட் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: நியூ ஜெர்சியில் கழற்றிக்கொள்ள வேண்டும், கலிபோர்னியாவில் வண்டியோடு போகும். வண்டியும் பிளேட்டும் கைவிட்டுப் போன பிறகுதான் இன்சூரன்ஸை நிறுத்த வேண்டும். விற்ற 30 நாளுக்குள் 1098-சி வர வேண்டும், வராவிட்டால் கேளுங்கள். அப்புறம், டாஷ்போர்டுப் பிள்ளையாரை எல்லாரும் ஞாபகமாக எடுத்துவிடுகிறார்கள், சுங்கக் கட்டணத்துக்காகக் கண்ணாடியில் ஒட்டிய ஈ-ஸீபாஸை மறந்துவிடுகிறார்கள், அதையும் எடுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.